போல்ட்டும் ஸ்க்ரூவும் ஒரே பதிவில் வரலாமா?

கேள்வி: தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். ஜெர்மனிக்குப் போகவிருக்கும் மாணவர்களுக்காக ஆங்கிலம், தமிழ், ஜெர்மன் கலைச்சொல் அகராதி ஒன்று தயாரிக்கிறோம். எக்செல்லில் மூன்று பத்தி போட்டு நிரப்பி வருகிறோம். 'ஷ்ரௌபெ' என்ற ஒரே ஜெர்மன் சொல் போல்ட்டுக்கும் வருகிறது, ஸ்க்ரூவுக்கும் வருகிறது. எப்படிப் பதிவது? ஒவ்வொரு பதிவிலும் வேறு என்ன தர வேண்டும்?

பதில்: இந்தக் குழப்பம் அந்த மூன்று பத்தியால் வருவது. சொல்லுக்கு ஒரு வரி என்று ஆரம்பித்தால் எந்த மொழியை முதலில் வைத்தாலும் இப்படி இடிக்கும். பொருளுக்கு ஒரு பதிவு என்று மாற்றிக்கொள்ளுங்கள். நட்டு போட்டு முறுக்குவது ஒரு பதிவு, அதற்கு ஓர் எண். மரத்திலோ தகட்டிலோ நேரடியாக ஏறுவது இன்னொரு பதிவு, இன்னொரு எண். இரண்டிலும் ஷ்ரௌபெ வரட்டும், தவறே இல்லை. கடைசியில் மொழிக்கு ஓர் அகரவரிசைப் பட்டியல் போட்டு, சொல்லுக்கு எதிரே பதிவு எண்களைத் தந்துவிடுங்கள். ஆஸ்திரியப் பொறியாளர் ஓய்கன் வ்யூஸ்டர் 1968இல் வெளியிட்ட இயந்திரக் கருவி அகராதியும் பொருள் அடிப்படையில் அமைந்ததுதான்.

போல்ட் பதிவில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஜெர்மனில் 'போல்ட்ஸன்' என்று ஒரு சொல் உண்டு. காதுக்கு போல்ட் மாதிரியே இருக்கும். பட்டறையில் அது பெரும்பாலும் மரையில்லாத முளை ('பின்'). மாணவன் கட்டாயம் ஏமாறுவான்.

மொழி படிப்பவருக்கு அர்த்தம் மட்டும் போதாது. ஜெர்மன் பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் அதன் பாலைக் காட்டும் முன்சொல்லோடும் (டெர், டி, டாஸ்) பன்மையோடும் சேர்த்தே அச்சிடுங்கள். நட்டுக்கு 'டி முட்டர்'. அம்மாவுக்கும் அதே சொல், அதே பால். பன்மையில்தான் பிரியும்: நட்டுகள் 'முட்டர்ன்', அம்மாக்கள் 'ம்யூட்டர்'. பால் மாறினால் அர்த்தமே மாறுவதும் உண்டு. 'டெர் மொமென்ட்' என்றால் கணப்பொழுது. 'டாஸ் மொமென்ட்' இயற்பியல் சமாச்சாரம். டார்க்குக்கு (திருப்பு விசைக்கு) உரிய 'டாஸ் ட்ரேமொமென்ட்' அதிலிருந்து வருவது. (இங்கே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டேன். அகராதியில் ஜெர்மன் எழுத்திலேயே இருக்கட்டும். உச்சரிப்புக்கு ஒலிப்பதிவும் கியூஆர் கோடும் போதும்.)

அப்புறம் வினைச்சொல். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். போல்ட்டைத் தெரிந்து என்ன பயன், அதை இறுக்கச் சொல்லும்போது புரிய வேண்டாமா? இறுக்குவது 'ஆன்ட்ஸீயன்'. ஆனால் மேஸ்திரி சொல்வது 'ட்ஸீயன் ஸீ டி ஷ்ரௌபெ ஆன்' என்றுதான் இருக்கும். சொல் பிளந்து 'ஆன்' கடைசிக்குப் போய்விடும். பையன் 'ட்ஸீயன்' என்று தேடினால் 'இழு' என்று வரும், இறுக்க வேண்டியதை இழுத்துக்கொண்டு நிற்பான். ஆகவே பெயர்ச்சொல் பதிவிலேயே அதோடு வழக்கமாக வரும் வினையை ஒரு முழு வாக்கியத்தில் காட்டுங்கள். 'ட்ஸீயன்' பதிவிலிருந்தும் 'ஆன்ட்ஸீயன் பார்க்க' என்று ஒரு சுட்டு கொடுங்கள்.

தமிழ்ப் பக்கத்தில் பாடநூல் சொல், பட்டறைச் சொல் இரண்டையும் போட்டு எது எதுவென்று அடையாளம் இடுங்கள்: திருப்பு விசை (பாடநூல்), டார்க் (பட்டறை). ஜெர்மன்காரர்களுக்கும் இதே கதைதான். ஸ்க்ரூடிரைவருக்கு நூலில் 'ஷ்ரௌபன்ட்ரேயர்', வாயில் 'ஷ்ரௌபன்ட்ஸீயர்'. விளக்கம் எளிய தமிழில் இரண்டு வரி, முடிந்தால் ஒரு கோட்டுப்படம். அதற்கு மேல் வேண்டாம்.

எக்செல்லைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு தாளில் பதிவு எண், விளக்கம், படம். இன்னொரு தாளில் சொல்லுக்கு ஒரு வரி: பதிவு எண், மொழி, சொல், பால், பன்மை, வழக்கு (பாடநூலா, பட்டறையா). எண்தான் இரண்டையும் இணைக்கும்.

எல்லாச் சொல்லையும் இப்போதே மாற்றாதீர்கள். ஒரு ஐம்பது பதிவை மட்டும் முழுதாக முடித்து, ஜெர்மன் வேலைக் குறிப்பு ஒரு பக்கத்தை மாணவர்கள் கையில் கொடுத்துத் தேடவிடுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அமைப்பைத் திருத்திய பிறகு மற்றவற்றில் கை வையுங்கள்.