பழைய வலிப்பு மாத்திரைலேர்ந்து புதுசுக்கு மாறும்போது ஏன் இவ்ளோ மெதுவா?

கேள்வி: எனக்கு வயசு 28. பல வருஷமா வலிப்புக்கு வேல்ப்ரோயேட் சாப்பிடுறேன். குழந்தைக்கு பிளான் பண்றோம்னு சொன்னதும் டாக்டர் லாமோட்ரிஜினுக்கு மாத்துறேன்னு 25 மி.கி. மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போட சொல்லிருக்கார். என் ஃப்ரெண்ட் இதே மாத்திரைய முதல் நாள்லேர்ந்தே தினமும் போட்டா. எனக்கு மட்டும் ஏன் கம்மி? பழச சட்டுனு நிறுத்திட்டு இத கூட்டிக்கலாமா?

பதில்: வேண்டாம்மா, ரெண்டையுமே நீங்களா தொடாதீங்க. உங்க டாக்டர் சரியாத்தான் எழுதிருக்கார். லாமோட்ரிஜின கழிச்சு வெளிய அனுப்புறது கல்லீரல், அந்த வேலைய வேல்ப்ரோயேட் மந்தமாக்கிடும், தனியா போட்டா ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்துல பாதி மருந்து கழிஞ்சிடும், வேல்ப்ரோயேட் கூட இருந்தா அதுக்கே ரெண்டரை நாள் கிட்ட ஆகும், அதனால கம்மியா போட்டாலும் ரத்தத்துல நிறைய நிக்கும். உங்க ஃப்ரெண்ட் வேல்ப்ரோயேட் சாப்பிடாதவங்களா இருக்கலாம். கார்பமசெபின்னு இன்னொரு வலிப்பு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு நேர் எதிர், லாமோட்ரிஜின் வேகமா கழிஞ்சிடும், அவங்களுக்கு அதோட ஆரம்பமே தினமும் 50 மி.கி.

அவசரப்பட்டா என்ன ஆகும்னா, தோல்ல தடிப்பு. பெரும்பாலும் முதல் 8 வாரத்துக்குள்ள வரும், சில பேருக்கு அது தோல் உரியற அளவுக்கு, உயிருக்கே ஆபத்தா போயிடும். தடிப்போட காய்ச்சல், வாய்ல புண்ணு, கண்ணு சிவக்குறது, நெறி கட்டுறதுன்னு எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. லாமோட்ரிஜின் தொடர்ந்து சில நாள் விட்டுப்போச்சுன்னா விட்ட டோஸ்லேர்ந்து திரும்ப ஆரம்பிக்காம டாக்டர்கிட்ட கேளுங்க, திரும்பவும் கீழேர்ந்துதான் ஏத்தணும்.

இன்னொரு பக்கம் இருக்கு, நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். வேல்ப்ரோயேட்ட குறைக்கக் குறைக்க லாமோட்ரிஜின் வேகமா கழிய ஆரம்பிக்கும், நீங்க அதே மாத்திரைய ஒழுங்கா போட்டுட்டு இருந்தாலும் ரத்தத்துல அளவு இறங்கிடும், ஃபிட்ஸ் வரலாம். அதனால பழசு இறங்கும்போது புதுசு ஏறணும். ஈஸ்ட்ரோஜன் இருக்குற கருத்தடை மாத்திரையும் லாமோட்ரிஜின் அளவ இறக்கும், போடுறீங்கன்னா மறைக்காம சொல்லிடுங்க. கர்ப்பத்துலயும் அளவு இறங்கும், அப்பப்போ ரத்தத்துல பாத்து டோஸ் கூட்டுவாங்க.

வேல்ப்ரோயேட் வயித்துல இருக்குற குழந்தைய பாதிக்கும்னுதான் இந்த மாற்றமே, அதனால அது முழுசா நின்னு புது டோஸ் செட் ஆகுற வரைக்கும் கர்ப்பத்த தள்ளிப்போடுங்க. நடுவுல பீரியட்ஸ் தள்ளிப்போச்சுன்னா பயந்துபோய் மாத்திரைய நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்துனா ஃபிட்ஸ் நிக்காம தொடர்ந்து வரலாம், அது அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆபத்து. உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க. அடுத்த தடவ போறப்போ எந்த வாரம் எது எவ்ளோன்னு ரெண்டு மாத்திரைக்கும் ஒரே தாள்ல எழுதி வாங்கிக்கோங்க.