இமை மூடாத கண்

அன்புள்ள ஐயா,

விபத்தில் அடிபட்ட என் அண்ணனுக்கு மூளைச்சாவு என்றார்கள். கண்ணில் பஞ்சால் தொட்டார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விட்டார்கள். உறுப்பு தானத்துக்குக் கையெழுத்திட்ட பிறகு அவர் விரல்கள் அசைந்ததைக் கண்டேன். கோமாவில் இருந்தவரை அனுப்பிவிட்டோம் என்கிறார்கள் உறவினர்கள். அவசரப்பட்டுவிட்டோமா?

ஒரு வாசகர்

அன்பு நண்பருக்கு,

நீங்கள் அவசரப்படவில்லை. விரல் அசைந்தது தண்டுவடத்தின் வேலை. மூளை முற்றிலும் அடங்கிய பின்னும் தண்டுவடம் தானாகவே தசையை இழுக்கும். இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். ஐஸ் தண்ணீர், மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகளில் எட்டாவதுக்கான சோதனை, அது கிடக்கட்டும். நான் பேச விரும்புவது அந்தப் பஞ்சைப் பற்றி.

என் அக்கா மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டுக் கிடந்த முதல் நாள், மருத்துவர் பஞ்சின் நுனியால் அவள் வலது கருவிழியைத் தொட்டபோது, நினைவே இல்லாத அவளுடைய இரண்டு இமைகளும் ஒருசேர மூடின. மூன்றாம் நாள் எந்தக் கண்ணைத் தொட்டபோதும் ஓர் இமைகூட அசையவில்லை. அதன் பொருளை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கண்ணைப் போய்க் குத்துகிறார்களே என்று நான் கொதித்தேன்.

பிறகுதான் கற்றேன். தொடுவுணர்வை ஐந்தாவது நரம்பு, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸுக்குக் கொண்டுசெல்கிறது. அங்கிருந்து இருபுறத்து ஏழாவது நரம்புகளுக்கும் கட்டளை போவதால்தான், ஒரு கண்ணைத் தொட்டால் இரண்டும் மூடுகின்றன. எந்தக் கண்ணைத் தொட்டாலும் ஒரே இமை மட்டும் மூடாதிருந்தால் பழுது பெரும்பாலும் அப்பக்கத்து ஏழாவது நரம்பில். ஒரு கண்ணைத் தொடும்போது மட்டும் இரண்டு இமைகளும் அசையாவிட்டால் அக்கண்ணின் ஐந்தாவதில். வெளிச்சத்துக்குக் கண்பாவை சுருங்குவது அத்தண்டின் மேல்பகுதியான நடுமூளையைக் காட்டும். மூச்சுக்குழாய்க்குள் விட்ட குழாய் வழியே சளியை உறிஞ்சும்போது எழும் இருமல் கீழ்ப்பகுதியான முகுளத்தைக் காட்டும். மூன்று அடுக்கும் அடங்கி, வென்டிலேட்டரை விலக்கியும் மூச்சு எழாதபோதே மூளைச்சாவு என்கிறார்கள். என் அக்கா முதல் நாள் இருந்தது கோமா. மூன்றாம் நாள் இருந்தது மூளைச்சாவு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது உறவினர்களின் அறியாமை. அதை நீங்களும் உங்கள் நெஞ்சில் ஏற்றிக்கொண்டதுதான் எனக்குக் கோபம். குடும்பத்தாரை வெளியே அமர்த்திவிட்டுத் தாளை மட்டும் நீட்டும் மருத்துவமனைகள் மீது அதைவிடக் கோபம். கட்டிலருகே நிறுத்தி, ஒவ்வொரு சோதனையையும் சொல்லிக் காட்ட வேண்டாமா?

நீங்கள் அருகில் நின்றிருக்கிறீர்கள். பஞ்சு தொட்டபோது உங்கள் அண்ணனின் இமை மூடவில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். விரலை இத்தனை நாள் நினைவில் வைத்திருந்தவர் இமையை ஏன் மறந்தீர்கள்? அடுத்த முறை உறவினர் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.