போர் தண்ணி, பீடித் தூள், செப்டிக் டேங்க்: கேட்டாங்க, சொல்றேன்

வேலூர் மாவட்டம் மூணாப் பிரியறதுக்கு முன்னாடியே சுகாதார ஆய்வாளரா வேலை பாத்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகள்ல ஆறுக்கு இங்க பதில்.

வாணியம்பாடி அம்மா ஒருத்தர்: சார், எங்க போர் தண்ணி உப்பு கரிக்குது, லேசா மஞ்சளாவும் இருக்கு. நல்லா கொதிக்க வெச்சுக் குடிச்சா பரவாயில்லையா?

வேண்டாம்மா. கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும். உப்பும் உலோகமும் ஆவியாப் போகாது, ரசம் சுண்டினா கரிக்கற மாதிரி இன்னும் கெட்டியாகும். பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு தடவித்தான் தோல் பதனிடற ஷாப்புக்கு வரும். அதைக் கழுவின தண்ணி பல வருஷம் பாலாத்துப் பக்கம் போச்சு. இதுக்காகத்தான் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு வந்துது. மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும்னு அதுல சொன்னதை சட்டக் கல்லூரிப் பசங்க இன்னைக்கும் படிக்கறாங்க. நம்ம கிணறுங்கதான் இன்னும் படிக்கல.

மஞ்சள் நிறம் இரும்பாலயும் வரும், குரோமியத்தாலயும் வரும். யாராவது பேனா மாதிரி மீட்டரை விட்டுப் பாத்து 'டிடிஎஸ் கம்மிதான்'னு சொன்னா அதை நம்பி விட்டுடாதீங்க. அது கரைஞ்ச உப்பை மொத்தமாக் குத்துமதிப்பாக் காட்டற கருவி. குரோமியத்துக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவுக்கு மீட்டர் அசையக்கூட அசையாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கொடுத்து குரோமியம், ஃபுளோரைடு, நைட்ரேட் மூணையும் பேர் சொல்லிக் கேளுங்க. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கறீங்கன்னா நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்க, சமைக்க குழாய்ல வர்ற காவிரித் தண்ணிதான்.

ராணிப்பேட்டை தம்பி: மூடின குரோமேட் ஆலைக் கழிவு மேடும் தோல் ஷாப் குரோமியமும் ஒண்ணுதானே?

இல்லப்பா. தோல் பதனிடப் போடறது மூணு இணைதிறன் குரோமியம். அந்த மேட்டுல ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன் கழிவு, அதுல இருக்கறது ஆறு இணைதிறன், அதே உலோகத்தோட விஷம் கூடின வடிவம். சுலபமாத் தண்ணில கரையும். தோல்ல பட்டா புண், தூசியா வருஷக்கணக்கா மூச்சுல போனா நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஆடு மாட்டை அந்தப் பக்கம் விடாதீங்க, மனை நிரப்ப அந்த மண்ணு ஒரு கூடைகூட வேணாம்.

குடியாத்தம் தங்கச்சி: வீட்டுலயே பீடி சுத்தறேன் அண்ணா. ஒண்ணரை வயசுப் பையன் முறத்துக்கிட்டயே விளையாடறான். எங்கம்மா என்னை இப்படித்தான் வளத்தாங்க, ஒண்ணும் ஆகலயே?

உங்களுக்குப் பழகியிருக்கும்மா, அவனுக்கு எப்படிப் பழகும்? புகையிலையில இருக்கற நிகோட்டின் தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும், கை ஈரமா இருந்தா இன்னும் சீக்கிரம். அவனுக்கு ஊட்டறதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவுங்க. சுத்தற நேரத்துக்குன்னு ஒரு பழைய சேலை வெச்சுக்கிட்டு, அதை மாத்தின அப்புறம்தான் அவனைத் தூக்கணும். திண்ணையில உக்காருங்க, இலை, தூள் ரெண்டையும் படுக்கற அறையில வெக்காதீங்க. துடைப்பத்தால பெருக்கினா தூள் பறக்கும், ஈரத்துணியால துடைங்க. கூலி கம்மி, இதுக்கெல்லாம் நேரம் எங்கேன்னு கேப்பீங்க. நியாயம்தான். கைகழுவறதை மட்டுமாவது விடாதீங்க. பையன் தூளை வாயில போட்டு வாந்தி எடுத்தா மோர் கொடுத்துப் பாக்கலாம்னு உக்காராம ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.

சத்துவாச்சாரி வீட்டுக்காரர்: தண்ணி டிரம்மை வாரா வாரம் காலி பண்றோம், அப்பவும் புழு வருதே?

காலி பண்ணா போதாது, தேய்க்கணும். டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு முட்டை தண்ணிக்கு மேல டிரம் சுவத்துல ஒட்டியிருக்கும். காய்ஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்கா உயிரோட இருந்து, தண்ணி பட்டதும் பொரியும். நார் போட்டு உள்பக்கம் அழுத்தித் தேச்சுட்டு, வாயைத் துணியால கட்டுங்க.

அணைக்கட்டு ஊர்க்காரர்: அப்பா ஆடு மேய்க்கறவர். அஞ்சு நாளா காய்ச்சல், டெங்கு, டைஃபாய்டு ரெண்டும் இல்லன்னுட்டாங்க.

அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்க. பீடியால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தா உண்ணிக் காய்ச்சல்னு சந்தேகப்படணும். வலிக்காது, அதனால அவரே கவனிச்சிருக்க மாட்டாரு. புதர்ல இருக்கற சின்னப் பூச்சி கடிச்சு வர்றது, வேலூர்ப் பக்கம் மழை முடிஞ்சு குளிர் வர்ற மாசங்கள்ல அதிகம். டாக்சிசைக்ளின்ங்கற மருந்துல நல்லா கேக்கும், தள்ளிப்போட்டா நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் பிடிக்கும். பொருக்கு இல்லன்னாலும், புதர்ல மேய்க்கறவர்னு டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க.

ஆம்பூர்: செப்டிக் டேங்க் மூடியை ஒருநாள் திறந்து வெச்சு, அழுகின முட்டை நாத்தம் போனதும் ஆளை இறக்கலாமா?

இறக்கவே கூடாது. கையால மலம் அள்ளறதைத் தடை பண்ணின 2013 சட்டப்படி குற்றம். அந்த நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, கொஞ்சமா இருக்கும்போதுதான் மூக்குக்குத் தெரியும். அதிகமானா மூக்கு மரத்துப்போய் நாத்தமே வராது. மேல காத்தாடினாலும் அடியில சேத்தைக் கிளறினா திரும்பக் கிளம்பும். உறிஞ்சற லாரியைக் கூப்பிடுங்க. யாராவது உள்ள விழுந்துட்டா அண்ணன் தம்பியா இருந்தாலும் பின்னாடியே குதிக்காதீங்க. 101-க்கு போன் போடுங்க, தீயணைப்புக்காரங்க காத்து சிலிண்டரோட வருவாங்க.