கிறிஸ்தவர்கள் மாந்திரீகம் பற்றிப் படிக்கலாமா?

கேள்வி: "நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். நாட்டார் வழக்காற்றியல் எம்.ஏ. படிக்கிறேன். கோடாங்கிகள், குறிசொல்பவர்கள், செய்வினை நம்பிக்கை பற்றி ஆய்வேடு எழுத ஆசை. அம்மாவோ, 'அந்தப் பக்கமே போகாதே, வீட்டுக்குள் பிசாசைக் கூட்டிக்கொண்டு வராதே' என்கிறார். ஒரு கிறிஸ்தவர் இதையெல்லாம் படிக்கலாமா?"

படிக்கலாம். குறி கேட்கக் கூடாது. என் பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறது என்பதில்தான் நம் சபைகளில் குழப்பம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் அம்மா பக்கம் இருக்கும் வசனம். அவர் காரணம் இல்லாமல் பயப்படவில்லை. உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம்பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று ஒரு பட்டியலே வருகிறது. இவர்கள் யாரும் உங்களுக்குள் இருக்க வேண்டாம் என்கிறது வேதம். மழுப்ப இடமில்லாத கட்டளை. இதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: "அந்த ஜாதிகள் செய்யும் அருவருப்புகளின்படி செய்யக் கற்றுக்கொள்ளவேண்டாம்." தடை, செய்வதற்காகக் கற்பதற்கு. பழைய யூத ரபிகள் இந்த இடத்தை அப்படித்தான் வாசித்தார்கள். செய்யக் கற்காதே, ஆனால் புரிந்துகொள்ளவும் கற்பிக்கவும் கற்கலாம் என்பது தல்மூது என்ற யூதச் சட்ட விளக்கத் தொகுப்பில் இருக்கும் விளக்கம். சனெட்ரின் என்ற யூத உயர் நீதிச் சங்கத்தில் உட்காரும் நியாயாதிபதிகளுக்கு மாயவித்தை பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட அதே தல்மூது சொல்கிறது. சூனிய வழக்கு வந்தால் விவரம் தெரியாமல் எப்படி விசாரிப்பது?

தானியேலை ஞாயிறு பள்ளியில் சிங்கக் கெபியோடு முடித்துவிடுகிறோம். அவரும் மூன்று நண்பர்களும் பாபிலோன் அரண்மனையில் மூன்று வருடம் கல்தேயரின் எழுத்தும் பாஷையும் படித்தவர்கள். அந்தப் படிப்பில் சோதிடமும் சகுனமும் இல்லாமல் இருந்திருக்க வழியில்லை. கடைசியில் சாஸ்திரிகளுக்கும் ஜோசியருக்கும் அவரையே அதிபதியாக ராஜா வைக்கிறான். தானியேல் பாடத்தை மறுக்கவில்லை; ராஜாவின் சாப்பாட்டைத்தான் மறுத்தார். கனவுக்குப் பொருள் தெரிய வேண்டியபோது கற்ற வித்தையைத் தேடிப் போகாமல் ஜெபிக்கப் போனார்.

இதற்கு நேர் எதிர் சவுல் ராஜா. அஞ்சனம் பார்க்கிறவர்களையும் குறிசொல்லுகிறவர்களையும் தேசத்தைவிட்டே துரத்தியவர் அவர். அப்புறம் பெலிஸ்தர் படையைப் பார்த்துப் பயந்ததும், வேஷம் மாறி ராத்திரியோடு ராத்திரியாக எந்தோர் ஊரில் அஞ்சனம் பார்க்கும் பெண்ணிடம் போனதும் அவரேதான். அவர் எதையும் படிக்கவில்லை. தடையும் போட்டிருந்தார். பயம் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. நம் ஊரில் செய்வினை எடுக்கிறவர் வீட்டு வாசலில் நிற்கும் கிறிஸ்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஆய்வேடு எழுத வந்தவர் ஒருவரும் இல்லை.

"எபேசுவில் புத்தகங்களை எரித்தார்களே" என்று அடுத்து கேட்பார்கள். எரித்தார்கள், ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமானம் என்று அப்போஸ்தலர் 19 கணக்கே சொல்கிறது. யார் எரித்தது என்று பார்க்க வேண்டும். மாயவித்தை செய்து பிழைத்தவர்கள் தங்கள் சொந்தத் தொழில் ஏடுகளைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். அடுத்தவர் வீட்டு அலமாரியில் யாரும் கைவைக்கவில்லை. அதற்குச் சற்று முன்னால் நடந்ததை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஸ்கேவாவின் ஏழு பிள்ளைகள், பவுல் சொல்லும் இயேசுவின் பெயரை மந்திரம் மாதிரி ஓதிப் பிசாசை ஓட்டப் பார்த்தார்கள். பிசாசு பிடித்த மனுஷன் பாய்ந்து அடித்ததில் காயப்பட்டு, துணிகூட இல்லாமல் ஓடினார்கள். அந்தச் சம்பவம் ஊரெல்லாம் பரவிய பிறகுதான் ஏடுகள் எரிந்தன. இயேசுவின் பெயரையே மந்திரமாக்குவது அந்த அதிகாரத்தில் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்கிறது. இதை நம் பேயோட்டும் விடுதலைக் கூட்டங்களில் யாரும் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்லை.

படிப்பதால் நம்பிக்கை போய்விடும் என்ற பயத்துக்கு அகஸ்தீனாரைச் சொல்வேன். இளமையில் அவருக்குச் சோதிடப் பித்து. சோதிடத்தைத் தொழிலாகவே செய்யப் படித்து, அப்புறம் விட்டுவிட்டு மருத்துவரான ஒரு பெரியவர் அது வேண்டாம் என்று புத்தி சொன்னார், இவர் கேட்கவில்லை. பிறகு பிர்மீனுஸ் என்ற நண்பர் தன் பிறப்புக் கதையைச் சொன்னார். அவர் அப்பாவும் அப்பாவின் தோழரும் சோதிட வெறியர்கள். பிர்மீனுஸ் பிறந்த அதே நொடியில் தோழர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் ஒரு குழந்தை பிறந்தது. இரண்டு வீட்டிலிருந்தும் செய்தி கொண்டு கிளம்பிய ஆட்கள் சரியாகப் பாதி வழியில் சந்தித்துக்கொண்டார்களாம். இரண்டு பேருக்கும் ஒரே ஜாதகம். ஒருவர் செல்வாக்கோடு வாழ்ந்தார். மற்றவர் கடைசிவரை அடிமை. அகஸ்தீனாருக்குச் சோதிடம் விட்டுப்போனது அதன் கணக்கு தெரிந்திருந்ததால்தான்.

இன்னொருவர் அலோன்சோ தே சலசார், ஸ்பெயினில் விசாரணை மன்றத்தின் நீதிபதி. 1610இல் லோக்ரோனியோ நகரத்தில் சூனியக்காரர்கள் என்று சொல்லி ஆறு பேரை உயிரோடு எரித்தார்கள். தீர்ப்புச் சொன்ன மூவரில் இவரும் ஒருவர். மறுவருடம் கிராமம் கிராமமாக அனுப்பப்பட்டார். 1,800 பேருக்கு மேல் 'நான் சூனியக் கூட்டத்துக்குப் போனேன்' என்று ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகள். சலசார் ஒவ்வொன்றையும் தோண்டினார். கூட்டம் நடந்ததாகச் சொன்ன இடத்தைத் தனித்தனியாகக் காட்டச் சொன்னார், பறக்கப் பூசிய மருந்து என்று கொண்டுவந்ததைச் சோதிக்க வைத்தார். எல்லாம் பொய். இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியம் பட்டவரும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ஸ்பெயினின் விசாரணை மன்றம் 1614இல் சூனியக் குற்றச்சாட்டை எளிதில் ஏற்காதபடி விதிகளை இறுக்கியது. அவர் நம்பிக்கை குறைந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது; திருச்சபையின் நீதிபதியாக இருந்துகொண்டே ஒழுங்காகப் படித்தவர்.

நம் சென்னையிலேயே ஒரு கதை உண்டு, அதை எனக்கு முழு மனதாகப் பாராட்டவும் முடியவில்லை. பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபை 1882 கடைசியில் அடையாறுக்கு வந்தது. அங்கே ஒரு மர அலமாரியில், எங்கோ தொலைவில் வாழும் ஞானிகள் என்று சபையார் சொன்ன மகாத்மாக்களின் கடிதங்கள் தானாக வந்து விழும் என்று பேச்சு. அந்த வீட்டை நிர்வகித்து வந்த கூலோம் தம்பதிக்கும் சபைக்கும் சண்டை வந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் கையில் இருந்த, பிளாவட்ஸ்கி எழுதியதாகச் சொன்ன கடிதங்களை 1884 செப்டம்பரில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகை வெளியிட்டது; ஆசிரியர் ஜார்ஜ் பேட்டர்சன் என்ற மிஷனரி. அற்புதம் எல்லாம் ஏற்பாடு என்பதுதான் அந்தக் கடிதங்களின் சாரம். லண்டன் அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்திலிருந்து ரிச்சர்ட் ஹாட்சன் விசாரிக்க வந்தார். அவர் வருவதற்குள் அந்த அலமாரியை அடையாறு ஆட்களே எரித்துவிட்டிருந்தார்கள். 1885 அறிக்கையில் மோசடி என்று தீர்ப்பு.

கிறிஸ்தவர்கள் மறைஞானத்தைத் தைரியமாக ஆராய்ந்தார்கள் என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆதாரம் வேலையிழந்து கோபத்தில் இருந்தவர்களிடமிருந்து வந்தது. வெளியிட்டவர்கள் பிரம்மஞான சபையை எதிராளியாகப் பார்த்தவர்கள். பிளாவட்ஸ்கி திரும்பி வந்தபோது சென்னைக் கல்லூரி மாணவர்கள் மாலையோடு வரவேற்றார்கள். அவர்கள் கண்ணுக்கு இது ஆராய்ச்சியாகத் தெரியவில்லை, தங்கள் மரபின்மேல் மிஷனரிகள் செய்த தாக்குதலாகத் தெரிந்தது. நூறு வருடம் கழித்து 1986இல் அதே ஆய்வுச் சங்கத்தின் இதழில் வெர்னான் ஹாரிசன், ஹாட்சனின் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார். அலமாரி விஷயத்தில் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை சொன்னது பெரும்பாலும் சரி என்பதே என் எண்ணம். இருந்தாலும் கவிழ்க்கவென்றே படித்தால், உண்மையைக் கண்டுபிடித்தாலும் கேட்க ஆள் இருக்காது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் இந்த இடத்தில் வேறு மாதிரி. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, ஓலைச்சுவடி சேர்த்து, ஊர் மக்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார். ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், பிடாரி முதல் பேய்கள் வரைக்கும் விவரித்து 1713இல் ஒரு பெரிய நூலை முடித்து ஜெர்மனியில் ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே அச்சிடவில்லை. மிஷனரிகளை அனுப்பியது புறமதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஏறத்தாழ உங்கள் அம்மா சொன்னதுதான். 1867இல் சென்னையில்தான் அது அச்சானது. இன்று 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிராமத்தின் வழிபாட்டைத் தெரிந்துகொள்ள விரும்பும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. (அவர் காலத்தில் கிராம தெய்வ வழிபாட்டையும் செய்வினையையும் பேயையும் ஒரே மூட்டையில் கட்டினார்கள். நீங்கள் அப்படிக் கட்டாதீர்கள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பவர் வேறு, தகடு எழுதி விற்பவர் வேறு.) பாளையங்கோட்டையில் சேசு சபையார் நடத்தும் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்குத் துறையே இருக்கிறது என்பதையும் அம்மாவிடம் சொல்லலாம்.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது, நாம் தேடாத இடத்தில். எத்தனை கிறிஸ்தவ வீடுகளில் தினசரி நாட்காட்டியில் ராகுகாலம் பார்த்துவிட்டுப் பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள்? கல்யாணப் பத்திரிகையில் ஆராதனை நேரம் போடும்போது ஒரு மாமா மெதுவாக "எமகண்டம் இல்லையே?" என்று கேட்பார், பாஸ்டரும் காதில் விழாதது போல இருப்பார். வருடப் பிறப்பு ராத்திரி வாக்குத்தத்த அட்டை எடுப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். வசனம் வசனம்தான், ஆசீர்வாதம்தான். ஆனால் "போன வருஷம் கெட்ட அட்டை வந்தது, அதனால்தான் வீட்டில் சாவு" என்று ஒருவர் சொல்லும்போது அது கிளி எடுத்த சீட்டு ஆகிவிடுகிறது. சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்க்கும் பழக்கம் அகஸ்தீனார் காலத்திலும் இருந்தது. பேய்களிடம் போவதற்கு இது மேல், ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

எங்கள் சித்தப்பாவுக்கு வியாபாரம் படுத்தபோது ஒரு ஜெபக்காரர் வந்து, வாசல்படிக்குக் கீழே செய்வினை புதைத்திருக்கிறது என்றார். தோண்டியதும் செப்புத் தகடு வந்தது. காணிக்கையும் வாங்கிக்கொண்டு போனார். தகட்டில் மண் ஒட்டவில்லை, பச்சைக் களிம்பும் இல்லை, நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளபளத்தது. கையில் மறைத்துக் கொண்டுவந்து குழிக்குள் நழுவவிடுவது மிகப் பழைய வித்தை என்று நான் படித்திருந்தேன். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் 1584இலேயே இப்படிப்பட்ட கைவித்தைகளை ஒவ்வொன்றாக விளக்கிப் புத்தகம் போட்டார், அப்பாவிகளைச் சூனியக்காரிகள் என்று தண்டிப்பதைத் தடுப்பதற்காக.

சிலருக்கு மட்டும் இப்போது வேண்டாம் என்பேன். அண்மையில் நெருங்கிய ஒருவரை இழந்தவர், இறந்தவரின் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏங்குகிறவர், அல்லது இந்தத் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்து இன்னும் ராத்திரியில் பயப்படுகிறவர். அவர்களுக்கு இது பாடமாக இருக்காது. அவர்களுக்குத் தேவை உடன் உட்காரும் ஆள். தூக்கம் கெட்டு, யாரோ கூப்பிடுவது போலக் கேட்டால் மருத்துவரிடமும் போக வேண்டும், ஜெபத்தோடு கூடவே.

உங்களுக்கு நடைமுறையில் வரப்போகும் சங்கடம் ஒன்றுதான். கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கும் பார்த்துச் சொல்லட்டுமாம்மா?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். 'ஆய்வுக்காக ஒரு தடவை' என்று உட்காராதீர்கள். அந்த நிமிஷமே நீங்கள் மாணவி இல்லை, குறி கேட்க வந்தவர். அதோடு உங்கள் குறிப்பேட்டில் எழுதுவதும் நம்பத்தக்கதாக இருக்காது. "நான் வேதக்காரி, எனக்கு வேண்டாம்யா, நீங்க மத்தவங்களுக்குச் சொல்றதைப் பக்கத்துல இருந்து பாக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். கிராமத்தில் பெரும்பாலும் இதை மதிப்பார்கள், நழுவுகிறவரைத்தான் சந்தேகிப்பார்கள். திருநீறு கொடுத்தால் கையில் மரியாதையாக வாங்கிக்கொள்வதா, வேண்டாம் என்பதா என்பதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 10ஐ ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். பேட்டிக்கு எடுக்கும் ஒலிப்பதிவை அவர் அனுமதி இல்லாமல் சபைக் கூட்டத்தில் சாட்சியாகப் போட்டுக் காட்டவும் வேண்டாம். முதல் தடவை களத்துக்குப் போகும்போது முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.