காளை எங்கே?

அன்புள்ள ஐயாவுக்கு,

வெளிநாட்டில் மேற்படிப்புப் படிப்பதற்காக என் மகள் ஆங்கிலத் தேர்வு ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். 'ரன்' என்ற ஒரே சொல்லுக்கு 645 பொருள்கள் உண்டு என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து மிரண்டுபோயிருக்கிறாள். உண்மையான பொருள் காலால் ஓடுவது ஒன்றுதானே? மற்றவையெல்லாம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவைதானே? அவற்றை மனப்பாடம் செய்யச் சுருக்குவழி ஏதும் உண்டா? எந்த அகராதி வாங்கலாம்? சொல் பஞ்சத்தில் ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளும் மொழியை உலகம் தலையில் தூக்கிவைத்து ஆடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. தமிழில் இந்தக் குழப்பம் இல்லையல்லவா?

கே.,
விருதுநகர்

அன்புள்ள கே.,

உங்கள் கடைசி வரியை முதலில் கழித்துவிடுவோம். 'காலம் தள்ளும் மொழி' என்று எழுதியிருக்கிறீர்கள். காலத்தை எந்தக் கையால் தள்ளுகிறார்கள்? ஆடி மாதம் ஜவுளிக்கடையில் தள்ளுபடி. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி. வீட்டில் மருமகளுக்கு நாள் தள்ளிப்போனால் மாமியார் பூரித்துப்போகிறார். இத்தனைக்கும் ஒரே 'தள்ளு'தான். சொல் பஞ்சம் என்று யாரும் அழுததாகத் தெரியவில்லை. மொழிப் பெருமையை இத்தோடு விடுங்கள், அதற்காக நான் பதில் எழுத உட்காரவில்லை.

உங்கள் குழுவில் வந்த எண் சரிதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்தில், 2011இல், 'ரன்' வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் எண்ணப்பட்டன. அந்த ஒரு பதிவுக்காக பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் ஒன்பது மாதங்கள் உழைத்தார். 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது, 430 பொருள்களோடு. திருத்தப் பணி நடக்க நடக்க 2000இல் 'மேக்' அதை முந்தியது, 2007இல் 'புட்' முந்தியது, பிறகு 'ரன்' வந்தது. ஆனால் இந்த எண் எதை எண்ணுகிறது? அந்த அகராதி ஆயிரம் ஆண்டு ஆங்கிலத்தையும் அள்ளிவைத்திருக்கிறது. வழக்கொழிந்து செத்த பொருளையும் அது தள்ளுவதில்லை. ஒரு பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பதும் அகராதிக்காரர்தான். வேறொருவர் உட்கார்ந்தால் வேறு கணக்கு வரும். லண்டனில் பிறந்து வளர்ந்த ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொன்னால் அறுபது எழுதுவதற்குள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அவருக்கே தெரியாததை உங்கள் மகள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

இருந்தாலும் உங்கள் கடிதத்தை ஒதுக்க முடியவில்லை. சின்னச் சொற்களை நாம் நடத்தும் விதம் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அகராதியின் முதல் பதிப்பை உருவாக்கிய ஜேம்ஸ் முர்ரே 1879இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: புத்தகங்களைப் படியுங்கள், சொற்கள் வரும் வாக்கியங்களைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புங்கள். சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. 'அபியூஷன்' என்ற அரிய சொல்லுக்குச் சுமார் ஐம்பது எடுத்துக்காட்டுகள் இருந்தன. எல்லோரும் அன்றாடம் பயன்படுத்தும் 'அபியூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. படித்தவர்கள் கண்ணில் புதுமையானது பட்டது, பழகியது படவில்லை. எளிய சொற்களுக்கு முர்ரேயும் உதவியாளர்களுமே தேடி அலைய வேண்டியிருந்தது.

உங்கள் மகளின் மேசையிலும் வாயில் நுழையாத சொற்களாகப் பொறுக்கிச் சேர்த்த ஒரு பட்டியல் இருக்கும். இருக்கிறதா இல்லையா? அதைத் தேர்வுக்கு முந்தின இரவு வரை உருப்போடுவாள். அங்கே போய் இறங்கியதும், குளியலறைக் குழாயை மூடாமல் விட்டுவிட்டதாக அறைத்தோழி சொல்வது புரியாமல் விழிப்பாள். அந்த வாக்கியத்தில் இருப்பதெல்லாம் 'லெஃப்ட்', 'டாப்', 'ரன்னிங்' என்ற மூன்று எளிய சொற்கள்தான். இந்தப் பட்டியலை விற்பவர்கள் மீது எனக்குள்ள கோபத்தை அடக்கிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். 'உண்மையான பொருள் காலால் ஓடுவது ஒன்றுதானே' என்று கேட்கிறீர்கள். இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் 'ரின்னன்'. அதில் ஆளும் ஓடினான், நீரும் ஓடியது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'ரின்னென்' என்றால் நீர் வழிந்தோடுவது. அங்கே காலால் ஓடுவதற்கு இருக்கும் சொல் 'ரென்னென்'. இது 'ரின்னென்' என்பதிலிருந்து பிறந்த பிறவினை, அதாவது முதலில் 'ஓடச் செய்' என்ற பொருளில் இருந்தது. ஆகவே நீரோட்டம் காலோட்டத்திடம் கடன் வாங்கியது என்று சொல்ல ஒரு முகாந்திரமும் இல்லை. இருவரும் ஒரே வீட்டுப் பங்காளிகள், கால்தான் மூத்தவன் என்று காட்டப் பத்திரம் கிடையாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஒன்று பிடிபட்டால் உங்கள் 645இல் பெரும்பகுதி தானாகவே வழிவிடும். மூக்கு ஒழுகுவது ரன். துவைத்தால் சேலைச் சாயம் கலப்பது ரன். மெழுகுவத்தி உருகி வழிவது ரன். ஒரு குணம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தால் அது குடும்பத்தில் 'ரன்' ஆகிறது, ரத்தத்தோடு சேர்ந்து. பாலாடைக்கட்டி செய்வதற்காகப் பாலைத் திரிய வைக்கும் பொருளுக்கு 'ரென்னெட்' என்று பெயர், அதுவும் இதே குடும்பம். பால் ஓடி ஒன்றுசேர்ந்து கட்டியாகிறது. காலை வைத்துக்கொண்டு இதில் எதை விளக்குவீர்கள்? ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நீரை வைத்துக்கொள்ளுங்கள், மனப்பாடமே வேண்டாம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆங்கிலப் பேராசிரியர் அல்லர். இளவயதில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தேன். அங்கே புரூஃப் பார்க்க ஒரு பெரியவர் வருவார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆங்கிலத்தை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் படிப்பார். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நூல் அப்போது அச்சில் இருந்தது. 1861 ஜூலை 21இல் வர்ஜீனியாவில் நடந்த முதல் பெரிய சண்டை அதில் ஒரு முழு அத்தியாயம். வாஷிங்டனிலிருந்து கனவான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு, கூடையில் சாப்பாட்டோடு வேடிக்கை பார்க்க வந்தார்கள். மாலையில் வடக்குப் படை தோற்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு முட்டிமோதிக்கொண்டு தலைநகரை நோக்கி ஓடியது. அந்தச் சண்டைக்குப் பெயர் 'புல் ரன்'. மொழிபெயர்ப்பாளர் 'காளை ஓட்டப் போர்' என்று எழுதியிருந்தார். பதிப்பகத்தின் ஆசிரியர் அதோடு விடாமல், 'அமெரிக்கர்களின் மஞ்சுவிரட்டு' என்று ஒரு அடிக்குறிப்பையும் சேர்த்திருந்தார்.

பெரியவர் புரூஃப் தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, காளை எங்கே?"

"எந்தக் காளை ஐயா?"

"அத்தியாயம் முழுக்க இரண்டு தடவை பார்த்துவிட்டேன். குதிரை வருகிறது, பீரங்கி வருகிறது, சாப்பாட்டுக் கூடைகூட வருகிறது. காளை ஒன்றுகூட வரவில்லையே."

மூல நூலை வாங்கிக்கொண்டு போனார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. படைகள் நின்ற இடத்துக்கு நடுவே நெளிந்து போகும் மெல்லிய கோடு ஒன்று, அதன் மேல் பொடி எழுத்தில் அந்தப் பெயர். எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது தண்ணீர்" என்றார். பிறகு, "ஓடுவதால் ஓடை. அவர்களும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார்.

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. வர்ஜீனியா, பென்சில்வேனியா பக்கமெல்லாம் சிற்றோடைக்கு 'ரன்' என்றே பெயர். வடக்குப் படையினர் சண்டைகளுக்குப் பெரும்பாலும் அருகிலுள்ள ஆற்றின் பெயரையோ ஓடையின் பெயரையோ வைத்தார்கள். தெற்கத்தியர் ஊரின் பெயரை வைத்தார்கள், அதனால் அவர்களுக்கு அதே சண்டை 'மனாஸஸ்'. 1862 ஆகஸ்டில் அதே ஓடைக்கரையில் இன்னொரு சண்டை நடந்து, அதிலும் வடக்கு தோற்றது. நூலகத்துக்குப் போய் இதையெல்லாம் சரிபார்த்து ஆசிரியரிடம் கொண்டுபோனேன். எழுத்துப்பிழை பார்ப்பவர் எழுத்துப்பிழையோடு நிற்கட்டும் என்று பதில் வந்தது. புத்தகம் மஞ்சுவிரட்டோடுதான் வெளியானது. பெரியவர் யாரிடமும் சண்டை போடவில்லை. தனக்குக் கிடைத்த இலவசப் பிரதியில் மட்டும் அடிக்குறிப்பைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் 'காளையோடை' என்று எழுதி வைத்திருந்தார். ஆங்கிலம் தெரியாதவர் என்று அவரைச் சொன்னவர்கள் உண்டு. ஒரு சொல்லின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அகராதி அதைச் சொல்லிக்கொடுக்காது. உங்கள் மகள் பழக வேண்டியது அதைத்தான்.

நீரிலும் அடங்காதவை உண்டு, மறுக்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கும். கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நம் தெருப்பிள்ளைகளுக்குத் தெரிந்த முதல் 'ரன்' அதுதானே. மட்டையாளர் சிக்சர் அடித்துவிட்டு நின்ற இடத்தில் நின்று கையுறையைச் சரிசெய்கிறார். ஓடாத ஓட்டத்துக்கு ஆறு. பதினெட்டாம் நூற்றாண்டில் எல்லைக்கோடு கிடையாது, எடுத்ததையெல்லாம் ஓடித்தான் எடுத்தார்கள். கணக்கெழுதுபவர் ஒரு குச்சியில் வெட்டு வெட்டிக் குறித்துக்கொள்வார், ஆகவே ரன்னுக்கே 'வெட்டு' என்று பொருள்படும் 'நாட்ச்' என்ற பெயரும் இருந்தது. எல்லைக்கோடு பின்னால் வந்தது. 1910 வரைக்கும்கூட பந்து மைதானத்தை விட்டே வெளியே போனால்தான் ஆறு. விதி மாறியது, சொல் அப்படியே தங்கிவிட்டது.

வங்கியிலும் அப்படித்தான். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் பணத்தை எடுக்கக் குவிந்தார்கள். 1866இல் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் கவிழ்ந்த பிறகு அந்த நாட்டில் அப்படி ஒன்று நடந்ததில்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். அதற்கும் 'ரன்' என்றுதான் பெயர். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவரும் ஓடவில்லை, மடக்கு நாற்காலி போட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பெனி நடத்துவது, கணினியில் நிரலை இயக்குவது எல்லாம் பிற்காலத்தவை. இதுவரை ஓடைக்கரையில் நின்றவர்களுக்கு அவை தாமாகவே விளங்கும். ஒன்றை மட்டும் மகள் கவனிக்கட்டும். தேர்தலில் போட்டியிடுவதற்கு அமெரிக்காவில் 'ரன்', பிரிட்டனில் 'ஸ்டாண்ட்'. ஒரு நாட்டு வேட்பாளர் ஓடுகிறார், இன்னொரு நாட்டு வேட்பாளர் நிற்கிறார். நம்மூரிலும் நிற்கத்தான் செய்கிறார், வென்ற பிறகுதான் கண்ணில் படுவதில்லை. அவள் எந்த நாட்டுக்குப் போகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை.

அகராதி கேட்டீர்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எளிய ஆங்கிலத்தில் எழுதிய அகராதிகள் பல கிடைக்கின்றன. எடுத்துக்காட்டு வாக்கியம் அதிகமாக உள்ள ஏதாவது ஒன்றை வாங்குங்கள். சுருக்குவழி இல்லை. தினமும் ஒரு ஆங்கில நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தையும் வணிகப் பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள், 'ரன்' வரும் இடத்தில் நின்று, எது ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கட்டும். வாய்பாடு போல ஒப்பிக்கச் சொல்லி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராதீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து மிரண்டது மகளா, நீங்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும். தமிழில் எழுதினாலும் சரி.

அன்புடன்.