டெங்கு விழிப்புணர்வை அளக்க: கேள்வித்தாளோடு டார்ச் லைட்டும் எடுத்துப் போங்கள்

கேள்வி: எங்கள் வார்டில் சுமார் 2,000 வீடுகள். டெங்குவிலிருந்து தற்காத்துக்கொள்ள மக்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கல்லூரி மாணவர்களை வைத்துக் கணக்கெடுத்தோம். எல்லாரும் ‘தெரியும்’ என்றே சொல்லிவிட்டார்கள். கேள்விகளை எப்படி அமைப்பது? எத்தனை வீடுகள் போதும்?

பதில்: “தண்ணீரை மூடி வைக்க வேண்டும், தெரியுமா?” என்று கேட்டால் ‘தெரியும்’ என்றுதான் பதில் வரும். விடையைக் கேள்விக்குள்ளேயே கொடுத்துவிட்டீர்கள். வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளிடம் தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் மனம் வராது.

“டெங்குக் கொசு எங்கே முட்டையிடும்?” என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். விடைகளை வாசித்துக் காட்டாமல், அவர்கள் வாயில் வருவதை அப்படியே குறியுங்கள். ‘சாக்கடை’ என்று வந்தால் அது முக்கியமான தகவல். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடி வருவது வீட்டில் பிடித்துவைத்த நல்ல தண்ணீரை. சாக்கடையைக் குறை சொல்லும் வீட்டில் டிரம்மைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அடுத்து, செய்முறையைக் கேளுங்கள். “டிரம் தண்ணீரைக் கொட்டிவிட்டீர்கள். மறுபடி பிடிப்பதற்குள் என்ன செய்வீர்கள்?” உள்சுவரைத் தேய்த்துக் கழுவுவதாகச் சொன்னால்தான் முழு மதிப்பெண். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

“காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் வயிற்றுவலியும் வாந்தியும் நிற்கவில்லை. என்ன செய்வீர்கள்?” என்பதையும் விடாதீர்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். ‘காய்ச்சல்தான் விட்டுவிட்டதே’ என்கிற பதில் உயிரைக் காவு வாங்கக்கூடியது. காய்ச்சலுக்குக் கடையில் என்ன மாத்திரை வாங்குவார்கள் என்றும் கேளுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் இரண்டும் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும்.

பத்துப் பன்னிரண்டு கேள்விகள் போதும். வேறொரு வார்டில் 20 பேரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். எல்லாருமே சரியாகச் சொல்லும் கேள்வியால் பயனில்லை, ‘என்ன கேக்குறீங்க?’ என்று திருப்பிக் கேட்டால் வாக்கியத்தை மாற்றுங்கள். ‘தெரியாது’ என்பதையும் தவறான விடையையும் தனித்தனியே குறியுங்கள். முன்னவருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். பின்னவரிடம் ஒரு நம்பிக்கையை மாற்றியாக வேண்டும்.

2,000 வீடுகளுக்கு, 95 சதவீத நம்பக நிலையில் (இதே போல நூறு முறை கணக்கெடுத்தால் சுமார் 95 முறை), கிடைக்கும் விடை உண்மை நிலையைவிட 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றால் சுமார் 322 வீடுகள் தேவை. 1 முதல் 5 வரை சீட்டுக் குலுக்கித் தொடக்க வீட்டை எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு ஐந்தாவது வீடாகப் போங்கள்: 400 வீடுகள். ஐந்தில் ஒன்று பூட்டிக் கிடந்தாலும் ஏறக்குறைய கணக்கு சரியாக வரும். ஆனால் பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ மறுபடி போங்கள். காலை 11 மணிக்கு மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள்.

பேசி முடித்ததும், அனுமதி கேட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: தொட்டி, டிரம், பிரிட்ஜின் பின்தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி. கொசுப்புழு உள்ள பாத்திரங்களை எண்ணி அதே தாளில் குறியுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எல்லாம் சரியாகச் சொன்ன வீட்டிலும் டிரம்மில் புழு நெளிந்தால், அங்கே தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மூடி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வாரம் சேமித்தாக வேண்டிய வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? இறுக்கமான மூடியோ கட்டி வைக்க ஒரு துணியோதான் தேவை.

பாடம் சொல்வதெல்லாம் கணக்கெடுப்புக்குப் பிறகே. ஆனால் புழு கண்ட டிரம்மை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டாரிடம் காட்டி, கொட்டி, அவர்கள் சுவரைத் தேய்க்கும்வரை கூட நில்லுங்கள்.