பந்தா, பட்டமா என்று அவளிடம் கேட்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் மிட்ராண்டில், படிப்பு ஆலோசனைக்காக என் அறைக்குள் நுழைந்து உட்காருவதற்கு முன்பே, "மேடம், இந்தப் பந்துப் பைத்தியத்தை எப்படியாவது தெளிய வைங்க" என்றீர்கள். பக்கத்தில் உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்புச் சீருடையில், இடது கணுக்காலில் வெள்ளை டேப் சுற்றியபடி, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருச்சியிலிருந்து அவளுடைய தாய்மாமா தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறார், என்.ஆர்.ஐ. கோட்டாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம், பணம் போதாவிட்டால் ஊரில் இருக்கும் மனையை விற்றுவிடலாம் என்கிறார் என்றும் சொன்னீர்கள். அன்றைக்கு நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு என்று இப்போது படுகிறது. அதனால் மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

மனையை விற்காதீர்கள். மருத்துவம் வேண்டாம் என்று அந்தப் பெண் என் முன்னால் இரண்டு தடவை சொன்னாள். நீங்கள் இரண்டு தடவையும் "அவளுக்கு என்ன தெரியும்" என்றீர்கள். மாமாவுக்குப் பிடித்த படிப்பில் ஐந்தரை வருடம் உட்காரப் போவது அவள்தான். அவளுக்கு விருப்பமில்லாத ஒரு சீட்டுக்காகச் சொத்தை அழிப்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, கால்பந்தில் சோறு கிடைக்குமா? உங்கள் பயம் நியாயமானதுதான். 2024 பிப்ரவரியில் ஜாம்பியாவின் ரேச்சல் குண்டனன்ஜியை அமெரிக்காவின் பே எஃப்சி வாங்கியபோது, அதுவரை பெண்கள் கால்பந்தில் எந்த வீராங்கனைக்கும் தராத தொகையைத் தந்தது. உங்கள் மகள் அந்தச் செய்தியைத்தான் உங்களுக்குக் காட்டியிருக்கிறாள். ஆனால் அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுத்த பணம், வீராங்கனையின் சம்பளம் வேறு. இன்னொரு பக்கத்தையும் அவள் பார்க்க வேண்டும். 2023 உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன், ஆப்பிரிக்க சாம்பியன்களான நம் தேசிய அணி, பன்யானா பன்யானா பெண்கள், பணமும் ஆடுகளமும் சரியில்லை என்று போட்ஸ்வானாவுடனான ஆட்டத்தில் இறங்க மறுத்தார்கள். கடைசியில் மோட்செபே அறக்கட்டளை பணம் கொடுத்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கண்டத்தின் சாம்பியன் அணிக்கே இந்த நிலை. இங்கே உள்ள கிளப்புகளில் பெரும்பாலானவை முழுநேரச் சம்பளம் தருபவை அல்ல.

அப்புறம் அந்த ஏஜென்ட். ஐரோப்பாவில் ட்ரையல் வாங்கித் தருகிறேன், 60,000 ராண்ட் முன்பணம் கட்டுங்கள் என்றாராமே. ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள். நேர்மையான ஏஜென்ட் தன் பங்கை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதிலிருந்துதான் எடுப்பார். உரிமம் இருக்கிறதா என்று ஃபிஃபா தளத்தில் அவர் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், 18 வயது ஆகாத பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை ஃபிஃபா விதி தடுக்கிறது. கால்பந்துக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காகப் பெற்றோரே அங்கே குடிபெயர்வது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. உங்கள் மகளுக்கு வயது 16.

இப்போது உங்கள் வீட்டில் யாருமே பேசாத வழிக்கு வருகிறேன். இந்த நாட்டில் பல்கலைக்கழக அணிகளே பெண்களின் தேசிய லீக்கில் கிளப்புகளோடு மோதுகின்றன. கேப் டவுன் பக்கம் பெல்வில்லில் உள்ள வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம், ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் எல்லாம் அப்படி ஆடியவை. 2024 நவம்பரில் மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் வெஸ்டர்ன் கேப் மாணவிகள் ஆடினார்கள். பரீட்சை எழுதும் பெண்கள் கண்டத்தின் பெரிய கிளப்புகளோடு மோதினார்கள், அம்மா!

உங்கள் மகளின் போன் திரையில் இருக்கும் தேசிய அணி வீராங்கனை தெம்பி கட்லானாவும் அந்த வழியில் வந்தவர்தான். ராண்ட்ஃபொன்டைன் பக்கத்து மொஹ்லாகெங் ஊர்ப் பெண். 1,400 கிலோமீட்டர் தள்ளிப் போய் வெஸ்டர்ன் கேப்பில் சுற்றுலா மேலாண்மை படித்துக்கொண்டே தேசிய அணிக்கு ஆடினார். 2018இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் கிளப்புக்குப் போனார், அதே ஆண்டின் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனையும் அவர்தான். பிறகு சீனா, போர்ச்சுகல், ஸ்பெயின், மறுபடி அமெரிக்கா, மெக்சிகோ. இடையில் 2022 ஆப்பிரிக்கக் கோப்பையின் நடுவே குதிகால் தசைநாண் அறுந்து, தன் அணி கோப்பை வென்ற இறுதி ஆட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக 92வது நிமிடத்தில் அடித்த கோலை உங்கள் மகள் எனக்குப் போட்டுக் காட்டினாள். நானும் அசந்துபோனேன். ஆனால் நான் அவளிடம் பேசியது அந்தக் குதிகாலைப் பற்றித்தான். தசைநாண் எந்த நாளிலும் அறுந்து போகலாம். படித்து வாங்கிய பட்டத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

பல்கலைக்கழக விளையாட்டு பர்சரி, அதாவது உதவித்தொகை, எப்படி என்று கேட்டீர்கள். விளம்பரம் வரும் என்று காத்திருக்கக் கூடாது, அணியின் கோச்சுக்கு நேராக எழுத வேண்டும். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம், ஒரு முழு ஆட்டத்தை அனுப்புங்கள். பந்து காலில் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறாள் என்றுதான் கோச் பார்ப்பார். பர்சரி பெரும்பாலும் முழுச் செலவையும் தாங்காது. கட்டணம் மட்டுமா, ரெசிடென்ஸும் சாப்பாடும் சேர்த்தா என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க எத்தனை பாடம் தேற வேண்டும், காயம்பட்டு ஒரு சீசன் உட்கார்ந்தால் பர்சரி நிற்குமா, இந்த இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மிச்சத் தொகை உங்கள் மாதச் சம்பளத்துக்குள் அடங்காவிட்டால் அந்தப் பல்கலைக்கழகம் வேண்டாம், வேறு பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என்ன படிப்பு? அந்த டேப்பை யார் சுற்றியது என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "நான்தான். டீம்ல எல்லாருக்கும் நான்தான் சுத்துவேன்" என்றாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், எந்தத் தசைநார் எந்தப் பக்கம் இழுக்கும், டேப் ஏன் குறுக்கே போக வேண்டும் என்று பத்து நிமிடம் சொன்னாள். அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இந்த நாட்டில் பயோகைனெடிக்ஸ் என்று ஒரு துறை உண்டு. காயம்பட்டவரை, நாள்பட்ட நோயுள்ளவரை, உடற்பயிற்சி மூலமாகவே தேற்றுவது. சுகாதாரத் தொழில்முறைக் கவுன்சிலில் பதிவு செய்து தனியாகத் தொழில் நடத்தலாம். வெஸ்டர்ன் கேப்பிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் இதற்கான படிப்பு இருக்கிறது. பிசியோதெரபியும் நல்லதுதான், ஆனால் மருத்துவமனைப் பயிற்சி நேரமும் மைதான நேரமும் மோதும். இரண்டையும் சமாளிப்பது கஷ்டம். நடுவில் வெளிநாட்டு ஒப்பந்தம் வந்தால் தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவில் வேறொரு பட்டத்தைத் தொடரலாம்.

கல்யாணம், குழந்தை என்று மெல்லிய குரலில் கேட்டீர்கள். 2021 முதல் ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தத்தில் இருக்கும் வீராங்கனைக்குக் குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பும், மூன்றில் இரண்டு பங்குச் சம்பளமும் உண்டு.

ஒரு வேலை மட்டும் அவசரம். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று கணிதத்தை விட்டுவிட்டு, எளிய அன்றாடக் கணக்குப் பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாறும் படிவத்தைப் பள்ளியிலிருந்து வாங்கி வந்திருக்கிறாள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மாறினால் உடலியல் சார்ந்த படிப்புகளில் பலவற்றின் கதவு சாத்திவிடும். இது அவளுக்கும் பிடிக்காது, நானே பேசுகிறேன். அடுத்த வாரம் அவளைத் தனியாக அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலும் ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவும் கையில் இருக்கட்டும். கோச்சுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அவளே எழுதட்டும், நான் பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுக்கிறேன்.